சோளகக் காற்றில் ஐந்து மைதானங்கள்: 1993இல் சைக்கிளில் போய் ஆடிய ஒரு பருவம்

யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சைக்கிளில் சுற்றிப்பார்க்க முடியுமா, எத்தனை நாள் பிடிக்கும் என்று இந்த வலைப்பதிவைப் படிக்கிற நாலைந்து பேர் கேட்டிருந்தார்கள். முடியும். தாராளமாக முடியும். நான் அதை 1993ஆம் ஆண்டு சித்திரைக்கும் ஆவணிக்கும் இடையில் செய்திருக்கிறேன். சுற்றிப்பார்க்கப் போகவில்லை, பந்து விளையாடப் போனேன். சண்டிலிப்பாயில் இருந்து ஐந்து ஊர்களுக்கு, போகவர மொத்தம் 159 கிலோமீற்றர். கடந்த மாதம் அதே பாதைகளில் திரும்பவும் போய்த் தூரத்தைக் கைபேசியில் அளந்து வந்தேன். ஆகவே தூரக் கணக்கு இன்றையது, கதை அன்றையது.

அந்தப் போர்க்காலத்தைத் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை, வெளியிலிருந்து சாமான் வருவது தடை. குடாநாடே சைக்கிளில் ஓடியது. கலியாண மாப்பிள்ளையும் சைக்கிளில்தான், சவப்பெட்டியும் சைக்கிளில்தான். ஆனால் உதைபந்தாட்டம் நிற்கவில்லை. எட்டுக் கழகங்கள் சேர்ந்த ஒரு லீக் நடந்தது. கழகங்கள் நல்ல ஆட்டக்காரர்களை வெளியூரிலிருந்து சம்பளத்துக்குப் பிடித்துவரும். காசுக்குப் பெறுமதி குறைந்த காலம் என்பதால் சம்பளம் பெரும்பாலும் அரிசியும் மரக்கறியும்தான்.

அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சருக்கு உதவியாள். எங்கள் கழகத்தின் கோல் காப்பாளர். கையுறை கிடையாது, வெறுங்கைதான். இப்போதும் என் வலக்கைச் சின்னவிரல் வளைந்துதான் இருக்கிறது.

பண்டத்தரிப்பு: 4 கிலோமீற்றர், 15 நிமிடம்

முதல் ஆட்டம். தூரம் ஒன்றுமே இல்லை. இரண்டு பக்கமும் புகையிலைத் தோட்டம், ஒரு வளைவு, அவ்வளவுதான். நாலு மணிக்கு ஆட்டம் என்றால் மூன்றே முக்காலுக்குக் கிளம்பலாம். நாங்கள் மூன்றரைக்கே வெள்ளை உடுப்பும் விபூதியுமாகப் புறப்பட்டோம். ஆறு மணிக்கு நாலுக்குப் பூச்சியம் என்று தோற்றுத் திரும்பினோம்.

கழகத் தலைவரும் நடுப் பின்கள ஆட்டக்காரரும் ஒருவர்தான். தர்மலிங்கம் என்ற தர்மண்ணை, முப்பத்தெட்டு வயது, வெங்காயத் தோட்டக்காரர். அதிகம் கதைக்கமாட்டார். திரும்பி வரும் வழியில் ஒரே ஒரு வசனம் சொன்னார்.

"எங்களிட்டை கோல் அடிக்க ஆளில்லை. நாளைக்குக் காலமை குருநகருக்குப் போவம்."

எட்டுக் கழகத்தில் கடைசியாக வருவது அடுத்த ஆண்டு லீக்கில் ஆட முடியாது. முந்தின ஆண்டு நாங்கள் ஏழாவது. அதனால் யாரும் மறுத்துப் பேசவில்லை.

மறுநாள் தர்மண்ணையும் நானும் யாழ் நகரத்துக்குப் போய்ப் பிலேந்திரனைப் பிடித்தோம். நகரின் கடற்கரைப் பகுதியான குருநகரைச் சேர்ந்த கத்தோலிக்க மீனவர், இருபத்தேழு வயது, மனைவியும் ஒரு பெண் குழந்தையும். எதிரே மண்டைதீவில் இராணுவம் இருந்ததால் கரையில் ஷெல் விழுந்தது. கடலுக்குப் போகவும் தடை. அவருடைய தெருவே எழும்பி வந்து நகருக்குள் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தது. குருநகர்க் கழகத்துக்கு அந்த ஆண்டு அவர் பதிவு செய்யவில்லை. அவர்களால் யாருக்கும் ஒன்றும் கொடுக்க முடியாத நிலைமை.

தர்மண்ணை நேரே விசயத்துக்கு வந்தார். "கிழமைக்கு அரிசி, வெங்காயம், மரக்கறி. தங்கிறதுக்கு என்ரை தோட்டத்திலை தண்ணி இறைக்கிற மெசின் கொட்டில் கிடக்கு. வாறீரோ?"

பிலேந்திரன் மனைவியைப் பார்த்தார். அவர் தலையாட்டிய பிறகுதான் பதில் வந்தது. "வாறன். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மட்டும் நான் இஞ்சை வந்திடுவன்."

வட்டுக்கோட்டை: 5.5 கிலோமீற்றர், 22 நிமிடம்

சண்டிலிப்பாயில் இருந்து சங்கானைச் சந்தி வழியாக மேற்கே போக வேண்டும். பழைய கல்லூரிக் கட்டடங்களைப் பார்ப்பதற்கென்றே போகலாம், மர நிழலும் உண்டு. மைதானம் களிமண் தரை. வெயிலில் காய்ந்து கல்லாகிக் கிடக்கும். பாய்ந்து விழுந்தால் முழங்கைத் தோல் அங்கேயே நின்றுவிடும்.

பிலேந்திரன் ஓடுவதை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். வெறுங்காலால் ஆடினார். உயரமில்லை, வேகமும் அப்படி ஒன்றுமில்லை. ஆனால் பந்து எங்கே விழப்போகிறதோ அங்கே ஏற்கனவே நிற்பார். அலை வருவதைப் பார்த்துப் படகைத் திருப்புகிற ஆளின் கண் அது. மூன்றுக்கு ஒன்று என்று வென்றோம். இரண்டு கோல் அவருடையது.

திரும்பும் வழியில்தான் எங்கள் வீடு. வெற்றிக் களிப்பில் எல்லாரையும் தேத்தண்ணிக்கு இறக்கினேன். அம்மா எங்களுக்குச் சில்வர் பேணிகளில் தேத்தண்ணி கொண்டுவந்தார். பிலேந்திரனுக்கு மட்டும் கிணற்றடி மாடத்தில் இருந்து ஒரு கண்ணாடிக் கிளாஸ் வந்தது. அது தோட்டத்தில் கூலிக்கு வருகிறவர்களுக்கென்று தனியே வைத்திருக்கும் கிளாஸ். வெள்ளாள வீடு, கரையிலிருந்து வந்த மீனவச் சாதி ஆள். விளக்கம் தேவையில்லை. எல்லாரும் கண்டார்கள். நானும் கண்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

அவர் குடித்தார். எழும்பிப் போய்க் கிளாஸைத் தானே கழுவி, எடுத்த மாடத்திலேயே வைத்தார். "போட்டு வாறன் அம்மா" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

நெல்லியடி: 30 கிலோமீற்றர், போக 2 மணி, வர நாலரை மணி

இந்தப் பாதையை யாரும் தவறவிடாதீர்கள். சண்டிலிப்பாய், கந்தரோடை, சுன்னாகம், புத்தூர், பிறகு ஆவரங்கால் பக்கமாக வல்லை வெளி. அது தாண்டினால் வடமராட்சி. வல்லை வெளியில் மரம் கிடையாது, வீடு கிடையாது. இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீரும் வெட்டையும், நடுவே ஒரு வீதி. வைகாசி முதல் அங்கே சோளகக் காற்று தென்மேற்கில் இருந்து வீசும். போகும்போது முதுகில் கை வைத்துத் தள்ளிவிடும். வரும்போது அதே கை நெஞ்சில் இருக்கும்.

இருட்டில் வல்லையைக் கடக்க முடியாத காலம் என்பதால் அந்த ஆட்டத்தைக் காலை ஒன்பது மணிக்கு வைத்தார்கள். நாங்கள் முதல் நாள் பின்னேரமே போய், அங்கே ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் பிள்ளைகள் இருக்கும் நீள வாங்குகளைச் சேர்த்துப் படுத்தோம். பதின்மூன்று பேர், பதின்மூன்று சைக்கிள், ஒரேயொரு பந்து. ஆட்டம் இரண்டுக்கு இரண்டு என்று முடிந்தது. வடமராட்சிக்காரரிடம் அவர்கள் மண்ணில் ஒரு புள்ளி எடுப்பது லேசான காரியமில்லை. பதினொன்றரைக்குத் திரும்பப் புறப்பட்டோம்.

வல்லைப் பாலத்துக்கு வர மணி பன்னிரண்டரை. காற்றில் குனிந்து உழக்கிக்கொண்டிருந்தபோது முன்னால் போன ஒருவன் "கெலி! கெலி!" என்று கத்தினான். பலாலி இராணுவ முகாம் பக்கமிருந்து ஹெலிகொப்டர் ஒன்று தாழ்வாக வந்துகொண்டிருந்தது. காற்றிரைச்சலில் அதன் சத்தம் எங்களுக்குக் கேட்கவேயில்லை. ஒளிய ஒரு பற்றைகூட இல்லை. சைக்கிள்களை வீதியிலேயே போட்டுவிட்டுக் கரையோரச் சேற்றில் குப்புற விழுந்தோம்.

அது ஒரு வட்டம் போட்டது. பிறகு சுட்டது. எங்களையா, தூரத்தில் தெரிந்த வேறு எதையாவதா என்று இன்றைக்கும் தெரியாது. எனக்கு நாற்பது அடி தள்ளித் தண்ணீர் வரிசையாகத் துள்ளியது. வாயெல்லாம் உப்பு. இரண்டாவது வட்டம் போடாமல் அது வடக்கே போய்விட்டது. தர்மண்ணை எழும்பி நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். பதின்மூன்று பேரும் "ஓம்" சொன்னோம்.

ஆட்களுக்கு ஒன்றுமில்லை. ஆனால் பின்னால் வந்த ஒருவன் பயத்தில் என் சைக்கிளின் மேலாகவே ஏற்றியிருந்தான். முன்சில்லு வளைந்து எட்டுப்போலக் கிடந்தது. உருட்டவும் முடியாது.

"தூக்கிப் பின்னாலை கட்டுங்கோ" என்றார் பிலேந்திரன். சைக்கிளை ஆவரங்கால் வரை இரண்டு பேர் மாறிமாறிக் கொண்டுவந்து ஒரு திருத்துகிற கடையில் போட்டார்கள். என்னை அவர் தன் சைக்கிள் பாரில் ஏற்றினார். சோளகத்துக்கு எதிராக, தொண்ணூறு நிமிடம் ஆடிய காலோடு, இருபத்திரண்டு கிலோமீற்றர். மாறி உழக்க நான் எத்தனை தடவை கேட்டும் விடவில்லை. நான் உழக்கினால் விடியத்தான் போய்ச்சேருவோமாம்.

புத்தூர்ச் சந்தி தாண்டியபோது நான் கதையைத் தொடங்கினேன். அதுவரை நான் அவரை "நீர்" என்றுதான் சொல்லிவந்தேன். அன்று வேறு சொல் வாயில் வந்தது.

"அண்ணை, அண்டைக்கு எங்கடை வீட்டிலை நடந்தது…"

"தெரியும்."

"எனக்கு வெக்கமாக் கிடக்கு."

"உமக்கு வெக்கமெண்டா எனக்கென்ன?" மூச்சு வாங்கியது அவருக்கு. "உதை என்னட்டைச் சொல்லி ஒண்டும் ஆகாது. வீட்டிலை போய்ச் சொல்லும். இப்ப கதையாமல் இரும், நீர் அசையேக்கை ஹாண்டில் இழுக்குது."

அவ்வளவுதான். மன்னிப்பும் இல்லை, சமாதானமும் இல்லை. நாலு மணிக்கு என்னை வீட்டு ஒழுங்கை முகப்பில் இறக்கிவிட்டு, உள்ளே வராமல் போனார்.

நான் உடுப்பு மாற்றாமலே அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்குக் கோபம் வந்தது. "ஊர் என்ன கதைக்கும் எண்டு யோசிச்சனியோ?"

"வல்லையிலை இருந்து பதினாலு கட்டை என்னைப் பாரிலை வைச்சு உழக்கினவர், அம்மா. ஊர் ஒருத்தரும் உழக்கேல்லை." கட்டை என்றால் எங்களுக்கு மைல்.

அம்மா அடுப்படிக்குள் போய்விட்டார். இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவுமில்லை. மூன்றாம் நாள் பயிற்சி முடிந்து வந்தபோது படலையில் நின்று, "எல்லாரையும் கூட்டிக்கொண்டு வா" என்றார். அன்று எல்லாருக்கும் சில்வர் பேணி. பிலேந்திரனுக்கு முதல் பேணி. "சீனி காணுமோ தம்பி?" என்று அம்மா கேட்டதற்கு, "இன்னும் கொஞ்சம் போடலாம்" என்றார். சீனி தங்க விலை விற்ற காலம் அது. அம்மா போட்டார்.

சாவகச்சேரி: 27 கிலோமீற்றர், 1 மணி 50 நிமிடம்

மானிப்பாய், கோண்டாவில், இருபாலை, கோப்பாய், கைதடிப் பாலம், நுணாவில் என்று வழி. ஐந்து பயணங்களிலும் மிக அழகானது இதுதான். பாலம் தாண்டித் தென்மராட்சிக்குள் போனதும் மண்ணின் நிறமே மாறிவிடும். எங்கள் வலிகாமத்துச் செம்மண் போய் வெண்மணல், தென்னை, பலா. நிழல் தொடர்ந்து வரும். ஆடிமாதம் போனால் பலாப்பழ வாசனை பிடித்தே சந்தைக்குப் போய்ச் சேரலாம்.

அதற்குள் ஊரில் நடந்த இரண்டு ஆட்டங்களையும் வென்றிருந்தோம். கடைசி இடத்துக்குப் பயந்த கழகம் இப்போது முதலாம் இடத்தில் நின்றது. சண்டிலிப்பாயில் இருந்து எழுபது எண்பது சைக்கிள்கள் எங்களோடு வந்தன. கைதடிப் பாலத்தில் திரும்பிப் பார்த்தேன். வரிசையின் மறுநுனி தெரியவில்லை. அந்த நேரம் எனக்கிருந்த நெஞ்சு நிமிர்வை இப்போது எழுதும்போதும் உணர்கிறேன்.

மணல் தரையில் பந்து உருளாது, செத்துப்போய்க் கிடக்கும். எங்களுடைய ஆட்கள் தடுமாற, பிலேந்திரன் மட்டும் சிரித்தார். கடற்கரை மணலில் பந்து பழகினவருக்கு அது சொந்த வீடு. அறுபதாவது நிமிடம் தனியே மூன்று பேரைச் சுழித்து உள்ளே போய், காப்பாளரையும் படுக்க வைத்துவிட்டு, பந்தை மெல்லத் தட்டினார். அது கோட்டைக் கடக்க ஒரு யுகம் பிடித்தது. ஒன்றுக்குப் பூச்சியம். ஆட்டம் முடிந்ததும் தென்மராட்சிக்காரர் இரண்டு பெரிய பலாப்பழம் தந்தார்கள். அதைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு 27 கிலோமீற்றர் வந்தது நான்தான். இந்தத் தவறை நீங்கள் செய்யாதீர்கள். அங்கேயே வெட்டிச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

யாழ் நகரம்: 13 கிலோமீற்றர், 50 நிமிடம்

கடைசி ஆட்டம் குருநகர்க் கழகத்தோடு. கரையில் ஷெல் அபாயம் என்பதால் அவர்கள் தங்கள் ஆட்டங்களை நகருக்குள் ஒரு பள்ளி மைதானத்தில் ஆடினார்கள். சமநிலை எடுத்தால் நாங்கள் சம்பியன். அவர்கள் வென்றால் அவர்கள்.

பிலேந்திரன் ஆடுவாரா என்று ஊரில் ஒரே கதை. தர்மண்ணை நேரே கேட்டார். "விளையாடுறன்" என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. குருநகர் அணியின் தண்ட உதைகளை அடிப்பவன் றெஜி, பிலேந்திரனின் சித்தப்பா மகன். அந்தப் பருவத்தில் ஒன்றையும் அவன் தவறவிட்டதில்லை. வியாழக்கிழமைப் பயிற்சி முடிந்து பூட்ஸ் இல்லாத கால்களைக் கிணற்றடியில் கழுவிக்கொண்டிருந்தபோது நான் மெல்லக் கேட்டேன்.

"அண்ணை, றெஜி எந்தப் பக்கம் அடிக்கிறவன்?"

அவர் காலைக் கழுவி முடித்தார். பிறகுதான் நிமிர்ந்தார். "எனக்குத் தெரியும். ஆனா சொல்லமாட்டன். விளையாடச் சொல்லித்தான் கூட்டிவந்தனீங்கள். விளையாடுறன். என்ரை ஆக்களைக் காட்டிக் குடுக்கச் சொல்லிக் கூட்டிவரேல்லை."

காட்டிக் கொடுப்பது என்ற சொல் அந்தக் காலத்தில் சின்னச் சொல் இல்லை. அதற்காக மனிதர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். நான் திருப்பிக் கேட்கவில்லை.

சனிக்கிழமை நாலு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. முதற்பாதியில் அவர்கள் ஒன்று. இடைவேளைக்குப் பிறகு பிலேந்திரன் தலையால் முட்டி ஒன்று. தன் ஊர்க் கழகத்துக்கு எதிராக அடித்த கோல் அது. சுற்றிவர நின்ற குருநகர்ச் சனம் அவரைப் பெயர் சொல்லித் திட்டியது. அவர் யாரையும் பார்க்காமல் நடுக்கோட்டுக்கு ஓடிவந்தார். ஒன்றுக்கு ஒன்று. இன்னும் எட்டு நிமிடம் தாக்குப்பிடித்தால் கிண்ணம் எங்களுக்கு.

எங்கள் ஆட்டக்காரர் ஒருவரின் கையில் பந்து பட்டது. மத்தியஸ்தர் தண்ட உதை கொடுத்தார். சரியான தீர்ப்புத்தான். றெஜி பந்தை வைத்தான். நான் பிலேந்திரன் பக்கம் திரும்பவேயில்லை. திரும்பினால் அது கேட்பதுபோல் ஆகிவிடும். வலப்பக்கம் பாய்ந்தேன். பந்து இடப்பக்கம் போனது. இரண்டுக்கு ஒன்று. நாங்கள் இரண்டாம் இடம்.

சைக்கிள்கள் சாத்தியிருந்த வேப்பமரத்தடியில் எங்கள் ஆட்கள் கொதித்தார்கள். பிலேந்திரன் மைதானத்தின் மறுகரையில் தன் மனைவி பிள்ளையோடு நின்றார். "அரிசிக்கு வந்தவன் ஆருக்கு விளையாடினானோ!" என்று ஒரு குரல். "றெஜி எப்பவும் இடப்பக்கம்தானாம். அங்காலை சின்னப் பிள்ளையளுக்கும் தெரியுமாம். உவன் ஏன் சொல்லேல்லை?" என்று இன்னொன்று. கை ஓங்கிக்கொண்டு இரண்டு பேர் அந்தப் பக்கம் நடக்கத் தொடங்கினார்கள்.

தர்மண்ணை என்னைப் பார்த்தார். "நேசன், உனக்கு அவன் சொன்னவனோ இல்லையோ?"

எல்லாரும் நின்றார்கள். நான் யோசிக்கவில்லை. "சொன்னவர். இடப்பக்கம் எண்டு தெளிவாச் சொன்னவர். நான்தான் தடுமாறிப் பிழையான பக்கம் பாய்ஞ்சன்."

நடக்கத் தொடங்கிய இருவரும் திரும்பினார்கள். பிறகு முழுத் திட்டும் எனக்கு. 13 கிலோமீற்றரும் தனியாகத்தான் வந்தேன், ஒருவரும் பக்கத்தில் ஓட்டவில்லை. ஆனாலும் ஒரு நல்ல காரியம் செய்தேன் என்ற திருப்தியோடு படுத்தேன்.

ஞாயிறு பத்தரை மணிக்குப் பிலேந்திரன் எங்கள் படலையில் நின்றார். பூசைச் சட்டையே போட்டிருந்தார். "தேத்தண்ணி குடியும் தம்பி" என்று அம்மா சொல்ல, "இப்ப வேண்டாம் அம்மா" என்றார். என்னைப் பார்த்த பார்வையில் வல்லையில்கூடக் காணாத கோபம் இருந்தது.

"நீர் என்னத்தைச் சொன்னீர்?"

"உங்களை அடிக்க வந்தவங்கள், அண்ணை. அதுதான்…"

"அடிச்சா ரெண்டு நாள் வலிக்கும். உங்கடை ஆக்கள் அங்கை நிண்டு வாய் விட்டிருக்கினம். இரவுக்குள்ளை எங்கடை ஆக்களுக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு. காலமை பூசையிலை நான் போய் இருக்க, றெஜி எழும்பி மற்ற வாங்கிலை போய் இருந்தான். பிறகு அந்த வாங்கிலை இருந்த எல்லாரும் எழும்பிச்சினம். நானும் மனிசியும் பிள்ளையும் மட்டும் இருந்தம்."

அவர் எதைச் செய்யமாட்டேன் என்றாரோ, அதையே செய்தவராக நான் அவரை ஆக்கியிருக்கிறேன்.

"நீர் வாரும்."

"இப்பவோ?"

"இப்பவே."

அது ஆட்டத்துக்கான பயணம் இல்லை. கணக்கில் இல்லாதது. மானிப்பாய், ஆனைக்கோட்டை, நகரம். பக்கத்தில் பக்கத்தில் ஓடினோம். பள்ளிக்கூட விறாந்தையில் பத்துப் பன்னிரண்டு பேர், கடலுக்குப் போகாத வலைகளைப் பிரித்துக் கிழிசல் பொத்திக்கொண்டிருந்தார்கள். றெஜியும் இருந்தான். நான் சைக்கிளை விட்டு இறங்கி அவன் முன்னால் போய் நின்றேன்.

"றெஜி, நேற்று நான் சொன்னது பொய். இவரிட்டை நான் கேட்டது உண்மை. சொல்லமாட்டன், என்ரை ஆக்களைக் காட்டிக் குடுக்கமாட்டன் எண்டு முகத்துக்கு நேரை சொன்னவர். எங்கடை ஆக்கள் அடிக்கப் போகினம் எண்டு பயந்து நான்தான் மாத்திச் சொன்னன்."

அவன் வலையைக் கீழே வைத்தான். திரும்பி உரத்துக் கூப்பிட்டான். "எல்லாரும் இஞ்சை வாங்கோ! பெண்டுகளையும் வரச்சொல்லுங்கோ!" வகுப்பறைகளில் இருந்து சனம் வந்தது. பிலேந்திரனின் மனைவியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இப்ப திருப்பிச் சொல்லும்" என்றான் றெஜி.

ஐம்பது பேருக்கு முன்னால் திருப்பிச் சொன்னேன். ஒன்றும் விடாமல் முழுதாகச் சொன்னேன். றெஜி தான் இருந்த பாயில் நகர்ந்து இடம் விட்டு, வலையின் ஒரு தலைப்பைத் தூக்கிப் பிலேந்திரனிடம் நீட்டினான். அவர் இருந்து, பொத்தத் தொடங்கினார்.

நான் புறப்படத் திரும்பியபோது றெஜி கேட்டான். "சொல்லியிருந்தா பிடிச்சிருப்பீரோ?"

"ஓம்," என்றேன்.

"மாட்டீர்," என்றான். விறாந்தை முழுக்கச் சிரித்தது. பிலேந்திரனும் சிரித்தார்.

ஊருக்கு வர இரண்டரை மணி. நேரே தர்மண்ணையின் தோட்டத்துக்குப் போனேன். வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார். முழுவதையும் சொன்னேன். பொய் சொன்னதையும், அவர் சொல்ல மறுத்ததையும், நாங்கள் கிண்ணத்தை இழந்ததையும். அவர் மண்வெட்டியால் ஒரு வாய்க்காலை அடைத்து இன்னொன்றைத் திறந்தார். தண்ணீர் பாத்தி முடியும்வரை போய்ச் சேர்ந்தது.

"அப்ப, எங்களைப் பற்றியும் உவன் ஒருத்தரிட்டையும் போய்ச் சொல்லான்."

"சொல்லமாட்டார், அண்ணை."

"அடுத்த வருசமும் வாறானோ எண்டு கேட்டனியோ?"

நான் கேட்கவில்லை என்றேன். "போய்க் கேட்டுக்கொண்டு வா" என்றார். அன்று இன்னொரு 26 கிலோமீற்றர் ஓட எனக்குத் துளி அலுப்பும் இருக்கவில்லை.

பிலேந்திரன் அடுத்த ஆண்டும் எங்களுக்கு ஆடினார். நாங்கள் மூன்றாம் இடம்தான் வந்தோம். ஆனால் குருநகரை மூன்றுக்கு ஒன்று வென்றோம். அதில் றெஜியின் தண்ட உதை ஒன்றை நான் பிடித்தேன், யாரும் சொல்லித்தராமலே. 1995 ஐப்பசியில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது லீக்கும் நின்றது. பிறகு எல்லாரும் ஒவ்வொரு திசையிலிருந்தும் திரும்பி வந்தோம். பிலேந்திரன் இப்போது கரையில் இருக்கிறார். கடந்த மாதம் போனபோது கடலுக்குப் போயிருந்தார். நல்ல செய்தி என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஒன்றை நான் அந்தப் பருவத்தில்தான் படித்தேன். ஒருவரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துச் சொல்லும் சொல்லை, அவருடைய பக்கத்து வாங்கில் இருந்து பார்க்க வேண்டும். வேப்பமரத்தடியில் நான் என் பக்கத்தில் இருந்து மட்டும் பார்த்தேன்.

இனி, போக நினைக்கிறவர்களுக்கு. நகரத்தில் வாடகைச் சைக்கிள் ஒரு நாளைக்கு 800 ரூபாய் கேட்டார்கள். பிரேக்கையும் இருக்கையையும் பார்த்து எடுங்கள், கியர் தேவையில்லை, குடாநாட்டில் ஏற்றம் இல்லை. வாடைக்காற்றுக் காலத்தில், மார்கழி தையில், போவதானால் நெல்லியடிக்குப் போகும்போது எதிர்க்காற்று, வரும்போது துணை. சோளகத்தில் அதற்கு மறுவளம். வல்லை வெளியைக் காலை எட்டு மணிக்கு முன் கடந்துவிடுங்கள், ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர் வேண்டும். ஐந்து ஊரையும் அவசரமில்லாமல் பார்க்க நாலு நாள் போதும். சாவகச்சேரிக்கு ஒரு முழு நாள் வையுங்கள்.

சனி, ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு எந்த ஊரில் நின்றாலும் மைதானத்தை விசாரியுங்கள். யாராவது விளையாடிக்கொண்டிருப்பார்கள். ஓரமாக நின்று பார்க்கும் உங்களிடம் ஒருவர் வந்து, "ஒராள் குறையுது, இறங்குவீரோ?" என்று கேட்கக்கூடும். வயதையும் முழங்காலையும் யோசிக்காதீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்குங்கள்.